உப்பு மிளகு முதல் லேசர் வரை: மரு எடுத்த கதை

அஸ்தம்பட்டி ரவுண்டானாவுல இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் தோல் டாக்டர் போர்டு ஒண்ணாவது கண்ணுல படும். "மரு, பாலுண்ணி, மச்சம் நீக்கப்படும்"னு அதுல ஒரு வரி கண்டிப்பா இருக்கும். இதே சேலத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை அடிவாரத்துல சித்தர் கோயில் இருக்கு. அமாவாசைன்னா அங்க கூட்டம் அள்ளும். மரு உதிரணும்னு வேண்டிக்கிட்டு உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கித் தீர்த்தத்துல போடுறவங்க இன்னைக்கும் உண்டு. ரெண்டு இடத்துக்கும் போறது ஒரே ஜனங்கதான். காலைல கோயில், சாயங்காலம் கிளினிக்னு ஒரே நாள்ல ரெண்டையும் முடிக்கிறவங்களும் இருக்காங்க :)

"எதுங்க நல்ல வைத்தியம்? நூல் கட்டுறதா, கரண்ட்டுல சுடுறதா, ஐஸ் வைக்கிறதா, லேசரா?" இந்தக் கேள்வி நம்ம ஊர் டீக்கடையிலயும் கேக்குது, உலகம் பூரா ரெண்டாயிரம் வருஷமாவும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தக் கதையைத்தான் இங்க எழுதப் போறேன். பெரியவங்களுக்கு வர்ற, உயிருக்கு ஆபத்தில்லாத வளர்ச்சிகள் பத்தி மட்டும். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

முதல்ல பேர்க் குழப்பம்

தமிழ்ல நாம "மரு"ன்னு சொன்னா அது எதுவா வேணும்னாலும் இருக்கலாம். கழுத்துலயும் அக்குள்லயும் காம்பு வச்ச மாதிரி தொங்குறது ஒண்ணு. கையில, விரல்ல சொரசொரன்னு காலிஃபிளவர் மாதிரி வர்றது இன்னொண்ணு. நாப்பது வயசுக்கு மேல கன்னத்துல கறுப்பா மிளகு ஒட்டி வச்ச மாதிரி வர்றது மூணாவது. எல்லாத்துக்கும் மரு, இல்லன்னா பாலுண்ணி. உள்ளங்கால்ல வந்தா அதுக்குக் கால் ஆணின்னு பேரு, அதுலயும் பாதி உண்மையான ஆணியே இல்லை.

இந்த மூணும் வேற வேற ஆளுங்க. தொங்குற மரு வெறும் தோல் மடிப்பு, கிருமி எதுவும் இல்லை. சொரசொரப்பானது வைரஸ். 1907-ல இத்தாலியில ஜியூசெப்பே சியுஃபோ, மருவை அரைச்சு நுண்ணிய வடிகட்டியில வடிச்ச நீரைத் தோல்ல ஏத்தி, அதுல இருந்தும் மரு முளைக்குதுன்னு காட்டினார். பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டி அது. அதையும் தாண்டி வருதுன்னா வைரஸ்தானே. ஹெச்.பி.வி.ன்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச குடும்பம் அது. மூணாவது, கன்னத்துக் கறுப்பு மிளகு, கறுத்த தோல்காரங்களுக்கு அதிகமா வர்ற பரம்பரைச் சமாச்சாரம். அதுக்கு 1925-ல மருத்துவப் பேர் வச்சவர் ஆல்டோ காஸ்டெல்லானி. 1903-ல இருந்து பத்துப் பன்னெண்டு வருஷம் கொழும்புல வேலை பாத்த டாக்டர்!

இந்த மூணையும் பிரிக்காம "எனக்கு இது கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்"னு சொல்றதுலதான் பாதிப் பிரச்சினை.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பிரிச்சவர்

கி.பி. முதல் நூற்றாண்டு ரோம்ல செல்சஸ்னு ஒருத்தர் லத்தீன்ல ஒரு பெரிய மருத்துவ நூல் எழுதினார். அதுல மருவை வகை பிரிச்சிருக்கார். ஒரு வகையை வெட்டினா வேர் மிச்சம் இருக்காது, அதனால திரும்ப முளைக்காது. இன்னொரு வகையை வெட்டினா அடியில வேர் தங்கி மறுபடி வளரும். மூணாவது, உள்ளங்கை உள்ளங்கால்ல வர்றது, அதோட அடி ரொம்ப அகலம், வெட்டப் போனா பெரிய புண்ணுதான் மிஞ்சும். அதாவது வைத்தியத்தைச் சொல்றதுக்கு முன்னாடி "எந்த மரு?"ன்னு கேட்டிருக்கார் மனுஷன். இன்னைக்குத் தோல் டாக்டரும் முதல்ல அதைத்தான் பாக்கிறார்.

நம்ம பக்கம் சுஸ்ருதர். மஷகம், திலகாலகம், சர்மகீலம்னு தோல் வளர்ச்சிகளைத் தனித்தனியாச் சொல்றார். கத்தியால சீவி எடுத்துட்டு, அடியைக் காரத்தாலயோ நெருப்பாலயோ சுடணும்ங்கிறது அவர் வழி. ரெண்டுல எது மேல்னும் ஒப்பிடுறார். நெருப்புதான் மேலாம், நெருப்புல சுட்ட நோய் திரும்ப வராதாம். சித்த மருத்துவத்துல புற மருந்து 32 வகைன்னு சொல்வாங்க. அந்தப் பட்டியல்லயும் சுட்டிகை, காரம், அறுவை மூணும் இருக்கு. சூடு, அரிக்கிற மருந்து, வெட்டு. இன்னைக்குக் கிளினிக்ல இருக்குற முறைகளை அடுக்கினா, குளிர் ஒண்ணைத் தவிர பெரும்பாலும் இதுக்குள்ள அடங்கிடும்.

உப்பு கரைஞ்சா மரு கரையும்

கஞ்சமலை மட்டும் இல்லை. வைத்தீஸ்வரன் கோயில்லயும் மரு, கட்டி போகணும்னு உப்பு மிளகு காணிக்கை உண்டு, வெல்லத்தைக் குளத்துல கரைக்கிறதும் உண்டு. ஊர்ப்பக்கத்து மாரியம்மன் கோயில் பலிபீடத்துலயும் உப்பு மிளகு கொட்டிக் கிடக்கிறதைப் பாத்திருப்பீங்க. உப்பு கரையற மாதிரி மருவும் கரையணும்ங்கிற கணக்கு.

இது நம்ம ஊரு மட்டும்னு நினைக்காதீங்க. ஐரோப்பாவுல ஒரு துண்டு இறைச்சியை மரு மேல தேய்ச்சு மண்ணுல புதைப்பாங்க, அது அழுகும்போது மருவும் போயிடும்னு நம்பிக்கை. மார்க் ட்வைனோட 1876 நாவல்ல டாம் சாயர்ங்கிற பையனும் அவன் கூட்டாளியும், செத்த பூனையா, மரப்பொந்துத் தண்ணியா, மருவுக்கு எது நல்லதுன்னு சண்டை போடுவாங்க!

சிரிக்கலாம், ஆனா ஏன் இத்தனை ஊர்ல இத்தனை காலமா இந்த நம்பிக்கை நிக்குதுன்னா அதுக்குக் காரணம் இருக்கு. வைரஸ் மரு பல பேருக்குத் தானாவே போயிடும். 1963-ல வந்த ஒரு ஆய்வுல, பிள்ளைகளோட மருக்கள்ல மூணுல ரெண்டு பங்கு ரெண்டே வருஷத்துல தானா மறைஞ்சிருந்துச்சு. உடம்பு ஒருநாள் வைரஸை அடையாளம் கண்டுக்கிட்டா, ராவோட ராவா உதிர்ந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்துல உப்பு போட்டிருந்தா சாமி கேட்டுச்சு, பூனையை வீசியிருந்தா பூனை கேட்டுச்சு. பெரியவங்களுக்கு இது மெதுவாத்தான் நடக்கும். கழுத்துல தொங்குற மருவோ கன்னத்துக் கறுப்போ வேண்டிக்கிட்டதால உதிராது, அதை உதிர்க்க அங்க வைரஸே கிடையாது. வேண்டுதல்ல தோலுக்கு எந்தக் கெடுதலும் இல்லைங்கிறதையும் சொல்லணும். அடுத்து வர்றதைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாது.

பால், சுண்ணாம்பு, குதிரை முடி

அம்மான் பச்சரிசி செடியைக் கிள்ளினா வர்ற பாலை மரு மேல வைப்பாங்க. சிலர் எருக்கம்பால். ரெண்டுமே தோலை அரிக்கும், கண்ணுல தப்பித் தவறிப் பட்டா கண்ணையே கெடுக்கும். இமைகிட்ட மரு இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. இதுல ஒரு பின்கதை. அம்மான் பச்சரிசிக்கு ஒரு சொந்தக்காரச் செடி மேல்நாட்டுல உண்டு. அதோட பாலையும் அங்க நாட்டு வைத்தியத்துல மருவுக்கு வச்சிருக்காங்க. அந்தப் பால்ல இருந்து பிரிச்ச மருந்துக்கு, வெயில்பட்டுத் தோல்ல வர்ற புற்றுக்கு முந்தின நிலைக்குன்னு, 2012-ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. மருந்து வச்ச இடத்துலயே தோல் புற்று கூடுதோன்னு சந்தேகம் வந்து 2020-ல ஐரோப்பாவுல அதை எடுத்துட்டாங்க. "மூலிகைதானே, என்ன பண்ணிடும்"னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

சுண்ணாம்பையும் சோடாவையும் குழைச்சு வைக்கிறது அதைவிட மோசம். அது சுஸ்ருதரோட காரம் மாதிரிதான், ஆனா எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்னு வைக்கிறவருக்கும் தெரியாது, வச்சுக்கிறவருக்கும் தெரியாது. எங்க சொந்தத்துல ஒரு அத்தை கழுத்து மருவுக்கு இதை வச்சாங்க. மரு போச்சு. அந்த இடத்துல தழும்பு தடிச்சு, மருவைவிடப் பெருசா இப்பவும் இருக்கு.

குதிரைவால் முடி கட்டுறது கொஞ்சம் புத்திசாலித்தனமான முறை. காம்போட தொங்குற மருவுல ரத்த ஓட்டத்தை நிறுத்தினா அது கறுத்து விழுந்துடும், கணக்கு சரிதான். ஆனா காம்பு மெல்லிசா இருக்கணும், முடி சுத்தமா இருக்கணும், கட்டினவருக்குச் சக்கரை இருக்கக் கூடாது. அகலமான மருவுல கட்டினா பாதி செத்துப் பாதி சீழ் பிடிச்சு நிக்கும். வைரஸ் மருவுல கட்டினா அடி அங்கயே இருக்கும், செல்சஸ் சொன்ன அதே வேர் கதை.

மருந்துக்கடைக்கு வந்த காரம்

1874-ல ஜெர்மனியில சாலிசிலிக் அமிலத்தைத் தொழிற்சாலையில செய்ய ஆரம்பிச்சாங்க. அது தோலோட மேல் அடுக்கை ஊற வச்சு உரிக்கும். நம்ம மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற கார்ன் கேப்ல இருக்கிறதும் அதுதான். காலத்துக்கும் மலிவு. ஆனா தினமும் போடணும், வாரக்கணக்குல போடணும், பொறுமை வேணும். முகத்துல கூடாது. சக்கரை வியாதிக்காரங்க கால்ல டாக்டரைக் கேக்காம கூடவே கூடாது, உணர்ச்சி இல்லாத கால்ல அரிச்சுப் புண்ணானா தெரியாமலே போயிடும்.

குளிர் வந்த வழி

சுஸ்ருதருக்குத் தெரியாத ஆயுதம் குளிர். 1850 வாக்குல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஆர்னாட் நொறுக்கின ஐஸோட உப்பைக் கலந்து கட்டிகள் மேல வச்சார். (உப்பு மறுபடியும் வந்துடுச்சு பாருங்க!) 1899-ல நியூயார்க்ல கேம்ப்பெல் ஒயிட் திரவக் காற்றைப் பஞ்சுல தொட்டு மருவுக்கு வச்சார். 1907-ல சிகாகோவுல பியூஸி கார்பன் டை ஆக்சைடு பனிக்கட்டி. 1950-ல ஆலிங்டன் திரவ நைட்ரஜன். பஞ்சைக் குச்சியில சுத்தித் தொட்டு வைக்கிறதுதான் முறை. 1960-கள்ல கையடக்க ஸ்ப்ரே வந்துடுச்சு.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. நம்ம பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவங்க உறைவிந்துக் குச்சி வச்சிருக்கிற கேன் ஞாபகம் இருக்கா? மூடியைத் திறந்தா புகை மாதிரி வழியுமே, அதேதான். மரு மேல சில விநாடி அடிச்சா வெள்ளையா உறையும், அப்புறம் கொப்புளம் வரும், ஒண்ணு ரெண்டு வாரத்துல உதிரும். வைரஸ் மருவுக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பப் போகணும்.

நெருப்போட புது அவதாரங்கள்

எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895. அடுத்த வருஷமே வியன்னாவுல ஃப்ராய்ண்ட்ங்கிற டாக்டர், ஒரு அஞ்சு வயசுக் குழந்தையோட முதுகுல இருந்த முடி முளைச்ச பெரிய மச்சத்துக்கு எக்ஸ்ரே கொடுத்தார். கதிர் வைத்தியத்தோட ஆரம்பமே ஆபத்தில்லாத ஒரு மச்சத்துலதான். முடி கொட்டுச்சு. கூடவே புண்ணும் வந்துச்சு, ஆறவே ரொம்ப நாளாச்சு. அதுக்கப்புறம் பல பத்தாண்டு மருவுக்கும் எக்ஸ்ரே கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தோல்ல பின்னாடி புற்று வர்றதைப் பாத்துட்டுத்தான் கைவிட்டாங்க. அழகுக்காக எடுக்கப் போய் உயிருக்கு வினை வாங்கின காலம் அது.

மின்சாரம் அப்படி ஏமாத்தலை. 1926-ல பாஸ்டன்ல வில்லியம் போவி செஞ்ச மின் கருவியை வச்சு ஹார்வி குஷிங் மூளைக் கட்டியை ஆபரேஷன் பண்ணினார். 1937-ல அதே வழியில தோல் டாக்டர்களுக்குன்னே சின்ன மேஜைக் கருவி வந்துச்சு. நம்ம ஊர்ல "கரண்ட் வச்சு எடுக்கிறது", "ஆர்.எஃப்."னு சொல்றதெல்லாம் அதோட வாரிசுங்க. மரத்துப்போற களிம்பு தடவி, ஊசி முனை மாதிரி ஒண்ணால தொட்டாப் போதும், கன்னத்து மிளகெல்லாம் ஒரே உக்காருல முடிஞ்சிடும்.

லேசர்ல நமக்கு ஒரு சொந்தம் இருக்கு. மருவை ஆவியாக்குற கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல பெல் ஆய்வகத்துல உருவாக்கினவர் குமார் படேல், மகாராஷ்டிரத்து பாராமதியில பிறந்தவர். அந்த ஒளியைத் தண்ணி சட்டுன்னு உறிஞ்சிக்கும். தோல்ல பெரும்பகுதி தண்ணிதானே, அதனால தொட்ட இடம் மட்டும் ஆவியாகும், ரத்தமும் அதிகம் வராது. ஆனா வைரஸ் மருவைச் சுடும்போது வர்ற புகையில ஹெச்.பி.வி. மரபுப்பொருள் இருக்குன்னு 1988-லயே கண்டுபிடிச்சாங்க. டாக்டர் மாஸ்க் போட்டு, புகை உறிஞ்சுற குழாய் வச்சிருக்காரான்னு பாத்துக்குங்க. அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கோதாவுல இறக்கிப் பாத்தாங்க

இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதினா எது ஜெயிக்கும்? ஒழுங்கா ஒப்பிட்டது கடைசி இருபது முப்பது வருஷமாத்தான்.

2010-ல நெதர்லாந்துல 250 பேரை மூணு கூட்டமாப் பிரிச்சாங்க. கையில வர்ற சாதாரண மருவுக்கு 13 வாரத்துல குளிர் 49% பேருக்குக் கேட்டுச்சு, சாலிசிலிக் அமிலம் 15%, சும்மா விட்டவங்களுக்கு 8%. உள்ளங்கால் மருவுக்கு மூணுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 2011-ல பிரிட்டன்ல 12 வயசுக்கு மேற்பட்ட 240 பேரோட உள்ளங்கால் மருவுல குளிரையும் அமிலத்தையும் மோத விட்டாங்க. ரெண்டுக்கும் 12 வாரத்துல 14%தான்! பணத்தைப் பாத்தா அமிலம் பக்கம்தான் நியாயம்.

பைப்புக்கு ஒட்டுற பிசின் டேப்பை ஒட்டினா மரு போகும்னு ஒரு செய்தி சுத்திச்சே, ஞாபகம் இருக்கா? 2002-ல 51 பேர்ல டேப் 85%, குளிர் 60%னு வந்துச்சு, அதுல பெரும்பாலும் சின்னப் பசங்க. 2007-ல 90 பெரியவங்க கிட்ட பண்ணினப்ப டேப் 21%, டேப் இல்லாத வெறும் பட்டை 22%. (அந்தத் தடவை வேற வகை டேப்னு ஒரு சர்ச்சையும் உண்டு.) பசங்களுக்குக் கேட்டதுன்னு பெரியவங்களுக்குச் சொல்ல முடியாதுங்கிறதுக்காகச் சொன்னேன்.

மேல சொன்ன அத்தனையும் வைரஸ் மருவுக்கான கணக்கு. சதவீதத்தைப் பாருங்க, பாதியைத் தாண்டினதே அபூர்வம். "ஒரே சிட்டிங், நூறு சதவீதம் கேரண்டி"ன்னு வைரஸ் மருவுக்கு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க. நிறைய மரு, எதுக்கும் கேக்கலைன்னா உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புற ஊசிங்க இருக்கு. அதுல ஒண்ணு, தொழுநோய்க்காக டெல்லியில ஜி.பி. தல்வார் உருவாக்கின தடுப்பூசி. அதை மருவுக்குப் போட்டுப் பாத்து நம்ம நாட்டு டாக்டருங்களே எழுதியிருக்காங்க.

நம்ம தோல் வேற

மேல்நாட்டுப் பக்கங்கள்ல குளிர்தான் முதல் சாய்ஸ்னு எழுதியிருக்கும். அதை அப்படியே இங்க எடுத்துக்கக் கூடாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லு மைனஸ் 4-ல இருந்து மைனஸ் 7 டிகிரியிலயே செத்துடும். சாதாரணத் தோல் செல்லு சாக மைனஸ் 20-க்குக் கீழ போகணும். அதாவது மரு சாகறதுக்கு முன்னாடி நிறம் செத்துடும். வெள்ளைக்காரத் தோல்ல அது தெரியாது. நம்ம கன்னத்துல வட்டமா ஒரு வெள்ளைப் புள்ளி நின்னா? அதைப் பாத்து ஊரு என்ன வியாதின்னு பேசும்னு சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுக்கு மரு எடுக்கப் போய் வெள்ளைப் புள்ளியோட வந்தா, அந்த வீட்டுல என்ன நடக்கும்னு நினைச்சுப் பாருங்க. சிலருக்கு மாசக்கணக்குல நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது.

அதனாலதான் நம்ம பக்கம் முகத்துக் கறுப்பு மிளகுக்குக் குறைஞ்ச அளவு மின்சாரமோ லேசரோ வைக்கிறாங்க. அதுலயும் கொஞ்ச நாள் கறுப்பு படியும், வெயில்ல போகாம பாத்துக்கணும். காம்பு மருவுக்குக் கத்தரியால ஒரு வெட்டு, இல்லைன்னா மின்சாரம், அதோட சரி, அந்த மரு திரும்ப வராது. கை மருவுக்குக் குளிரோ மின்சாரமோ. உள்ளங்காலுக்கு முதல்ல அமிலமும் பொறுமையும். நெஞ்சு, தோள்பட்டையில தழும்பு தடிக்கிற உடம்பா இருந்தா எதையும் யோசிச்சுத்தான் செய்யணும்.

தாடியில வைரஸ் மரு இருந்தா ஷேவிங் அதைக் கோடு போட்ட மாதிரி பரப்பிவிடும். அது போற வரைக்கும் கத்தி வைக்காம ட்ரிம்மர் போட்டுக்கிறது நல்லது.

எடுக்கிறதுக்கு முன்னாடி

கழுத்து, அக்குள்ல காம்பு மரு கொத்தா வந்தா, அதுலயும் கழுத்து கறுத்துத் தடிச்சிருந்தா, மருவை எடுக்கிறதுக்கு முன்னாடி சக்கரை பாத்துடுங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்புல அது அதிகமா வரும். மரு ஆபத்தில்லாததுதான், ஆனா அது சொல்ற சேதி ஆபத்தானதா இருக்கலாம். சக்கரை தெரியாமலே பத்து வருஷம் ஓட்டி, கால் புண்ணோட ஆஸ்பத்திரி போறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேரு!

அதே மாதிரி, திடீர்னு வளர்ற மச்சம், ரத்தம் கசியறது, ஓரம் கோணலா பரவுறது, உள்ளங்கால்லயோ நகத்தடியிலயோ புதுசா கறுப்பு, இதுக்கெல்லாம் நூலும் வேண்டாம், லேசரும் வேண்டாம். சுட்டுட்டா பரிசோதனைக்கு அனுப்பத் துண்டு மிஞ்சாது. முதல்ல டாக்டர் பாக்கணும், வேணும்னா வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பணும்.

கிளினிக் படியேறினா மூணு கேள்வி கேளுங்க. "இது எந்த வகை மருங்க?" "திரும்ப வருமா?" "என் தோல்ல என்ன தடம் விடும்?" மெஷின் பேரையும் ரேட்டையும் அப்புறமாக் கேட்டுக்கலாம். கஞ்சமலைக்குப் போறவங்க தாராளமாப் போங்க, உப்பையும் மிளகையும் போடுங்க. சுண்ணாம்பை மட்டும் வெத்தலையோட நிறுத்திக்குங்க.